மாற்றப்படாத முழங்கால்

எழுதிப் பழக்கமில்லாத நான் தங்கள் நேரத்தைக் கேட்பதற்கு மன்னிக்க வேண்டுகிறேன். கோவையில் நேற்று எங்கள் வீட்டு வாசலில் நடந்ததைச் சொல்லாமலிருக்க இயலவில்லை.

என் கணவர் மயில்சாமி இளமையில் வாங்கிய சிவப்பு ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் ஏலத்திற்கு வந்தது. இத்தகைய கார்களை இப்போது அவற்றின் முதல் ஓட்டுநரோடு சேர்த்தே மதிப்பிடுகிறார்கள் என்பது தாங்கள் அறிந்ததே. காரிலும் சரி, ஓட்டுநரிடமும் சரி, எந்தப் பாகமும் மாற்றப்பட்டிருக்கக் கூடாது. அதற்காகவே அவர் ஆறு ஆண்டுகளாக இடது முழங்கால் அறுவைசிகிச்சையைத் தள்ளிப்போட்டு, மாடிப்படிகளில் உட்கார்ந்தபடியே இறங்கி வந்தார்.

மதிப்பீட்டாளர் எஞ்சின் எண்ணைப் பார்த்தார். அவர் கையிலிருந்த ஏலத் திரையில் இருபது கோடி. இருக்கையைத் தடவினார், இருபத்தைந்து.

"இனி கிளட்சை நூறு தடவை மிதிச்சுக் காட்டுங்க" என்றார் என் கணவரிடம்.

முப்பதாவது மிதியில் முப்பது கோடி. என் கணவருக்கு வலியில் கண்ணீர் வழிந்தது.

"ஏனுங்க, போதுமுங்க" என்றேன்.

"இன்னும் எழுபதுதான். சும்மா இரு கண்ணு."

நான் மதிப்பீட்டாளரிடம் திரும்பினேன். "சார், அந்த முட்டி மாத்தினதுங்க."

அது பொய். ஆனால் சிறுவயதில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு அங்கே இருந்தது. சந்தேகம் எழுந்தாலே ஏலம் ரத்து.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்க" என்று அவர் திரையை அணைத்தார்.

"அடிப்பாவி" என்றார் என் கணவர்.

இழந்தவை: முப்பது கோடி ரூபாய். நேற்றிலிருந்து என் கணவரின் பேச்சு. வரும் வெள்ளிக்கிழமை காலை, மருத்துவமனையில், பழைய முழங்கால் ஒன்று.