மூக்குக்குள் ஒரு குழி

"உங்கப்பா தன் கடைக்குப் பூட்டுப் போடத்தான் உன்னை டாக்டருக்குப் படிக்க வச்சாரா?" என்றாள் அத்தை.

மூக்கு டாக்டரான அவள் தன் பேச்சுக் காகிதங்களைப் பைக்குள் அடுக்கினாள்.

அப்பாவின் வாசனைத் திரவியக் கடைக்கு வருகிறவர்கள் அதிகம் கேட்பது வசிய சென்ட். எதிரில் இருப்பவரின் மூக்குக்குள் ஒரு ரகசிய உறுப்பு உண்டு, சென்ட் அதைத் தொட்டால் மனசு தானாகச் சாயும் என்று சீசாவில் அச்சடித்திருக்கும்.

அந்த உறுப்பைத்தான் இரண்டு வருடமாக ஆராய்ந்தாள். இன்று மதியம் ஆஸ்பத்திரி அரங்கில் முடிவைச் சொல்ல வேண்டும்.

"ஏற்கெனவே வியாபாரம் படுத்துக் கிடக்கு. இவ வேற அடுப்புல தண்ணி ஊத்தப் போறா" என்று அத்தை முணுமுணுத்தாள்.

அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. அதுதான் அவளைக் குத்தியது.

மதியம் அரங்கில் பேச ஆரம்பித்தாள். மூக்கின் நடுச்சுவரில், பக்கத்துக்கு ஒன்றாக, குண்டூசித் தலையளவு குழி; அதுதான் அந்த உறுப்பு. ஆடு மாடுகளுக்கு அது வேலை செய்கிறது. மனிதருக்கோ, அங்கிருந்து மூளைக்குப் போகும் நரம்பை இதுவரை யாரும் நிச்சயமாகக் காட்டியதில்லை.

சோதனைக்கு ஆளே வராது என்று பயந்துதான் ஆஸ்பத்திரி வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருந்தாள். வந்தவர்களோ இருநூற்றுப் பத்து பேர். குழி இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் அந்த சென்ட் ஒரே மாதிரிதான். வெறும் வாசனை.

"வேற பயன் இருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனா மனசை இழுக்கும்னு சொல்லி விக்கிறதுக்கு ஆதாரம் இல்லை."

கைதட்டல் எழுந்தது. அவள் பார்வை கடைசி வரிசைக்குப் போனது. பேச்சைத் தொடங்கும்போது அப்பா உட்கார்ந்திருந்த நாற்காலி காலி.

மேடையை விட்டு இறங்கினாள். சோதனைக்கு வந்திருந்த பஸ் கண்டக்டர் எதிரே வந்தார்.

"அப்பாவையா தேடுறீங்க? வாசல்ல நின்னு, போறவங்க வர்றவங்ககிட்ட எல்லாம் 'பேசினது என் பொண்ணு'ன்னு சொல்லிட்டிருக்கார்."

"அவருக்குக் கோபம் இல்லையா?"

கண்டக்டர் சிரித்தார். "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னார், இப்பதான் எல்லாம் முடிஞ்சிடுச்சே. நான் நோட்டீஸைப் பார்த்து வரலை, டாக்டரம்மா. அந்த சீசா வாங்கத்தான் கடைக்குப் போனேன். 'முதல்ல என் பொண்ணுகிட்ட மூக்கைக் காட்டுங்க. வேலை செய்யும்னு அவ சொன்னா வந்து வாங்கிக்கங்க'ன்னு ரெண்டு வருஷமா கேட்டு வர்ற எல்லாரையும் உங்ககிட்டதானே அனுப்பிட்டிருக்கார்!"