அவள் இருக்கையில் ஓடிய படம்

நம்பிராஜனும் மனைவி சுகந்தியும் சனிக்கிழமை தவறாமல் வடபழனியில் படம் பார்ப்பார்கள். அந்தத் தியேட்டரில், டிக்கெட் எடுத்தவரின் மனம் எதற்கு ஏங்குகிறதோ, அவர் பெயருக்கான இருக்கையில் உள்ள மெஷின் படத்தின் முடிவை அப்படி மாற்றிக் காட்டும். ஒருவர் அழும்போது பக்கத்தில் இருப்பவர் சிரிப்பார். தன் முடிவை அடுத்தவரிடம் சொல்வது அநாகரிகம். அதனால், படம் விட்டதும் டீக்கடையில் நின்று இருவரும் கதையைப் பிய்த்து உதறும் பழக்கம் எப்போதோ போய்விட்டது.

அன்று இடைவேளையில் பாப்கார்ன் வாங்கிக்கொண்டு இருட்டில் திரும்பியவர்கள், இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்கள்.

புருஷனைப் பிரியத் துடிக்கும் ஒருத்தியின் கதை. இந்த மாதிரிக் கதைகளில் நம்பிராஜனுக்கு எப்போதும் அவள் ரயிலடியிலிருந்து வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுவாள். இன்று ரயில் ஏறிவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, காற்றில் முடி பறக்க, வாய்விட்டுச் சிரித்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மெஷின் ஏதோ சொதப்பிவிட்டது என்று எரிச்சலோடு குனிந்தான். கைப்பிடியில் சுகந்தியின் பெயர் மினுங்கியது.

வெளியே வந்ததும் அவளே டீக்கடைப் பக்கம் நடந்தாள். இரண்டு டீ சொன்னாள்.

"உங்க சீட்டுல ஓடின படத்துல அவ திரும்பி வந்துட்டா."

அவன் கிளாஸையே பார்த்துக்கொண்டு தலையாட்டினான்.

"அவ வந்தது சரி. அதுக்கப்புறம் அவ ஒரு தடவகூட சிரிக்கவே இல்லையே. இத்தன படத்துல, நீங்க அதைக் கவனிச்சதே இல்லையா?"