மொத்த வியாபாரம்

கனகக்குன்னில் ஓவியச் சந்தை தொடங்கிய காலையில், பகவதி தன் படங்களை மாட்டி முடித்ததுமே சாலைக் கடைத்தெரு மிளகு வியாபாரி ஆறுமுகநயினார் வந்து நின்றார்.

“எல்லாத்தையும் கட்டு. சொல்லுத விலையைத் தாரேன்.”

“ஒரு ஆளுக்கு ஒரு படம்தான்.”

“மத்ததை எவன் வாங்குவான்? எங்கிட்ட மொத்தமா வித்துட்டு, வெயில்ல காயாம வீட்டுக்குப் போலாம்லா?”

“நீங்க வாங்கினா அது விற்பனை ஆகாதுப்பா. பெத்த மகளுக்குக் குடுக்குத கைச்செலவு. பிடிச்சா ஒண்ணு எடுங்க. மத்ததுக்கு ஆள் வரும்.”

ஆறுமுகநயினார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மகள் வரைந்ததை முதல்முறையாக ஒவ்வொன்றாகப் பார்த்தார். பொன்முடி மூடுபனிப் படத்தின் முன் வெகுநேரம் நின்றார்.

“இதுக்கு ஒரு நூறு ரூவா குறைக்கக் கூடாதா?”

பகவதிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. வேண்டாத சரக்குக்கு அப்பா ஒருநாளும் பேரம் பேசியதில்லை.