கரடிக் கணவாயின் கடைசித் தாள்

“எந்தப் படுபாவி வே இதைக் கிழிச்சான்?”

அய்யாத்துரை போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது.

பின்னே? பழைய கௌபாய் நாவல்களின் முதல் பதிப்பைத் தேடி ஊர் ஊராக அலைகிற மனுசன். வாசுதேவநல்லூரில் ஒரு பரண், திருவேங்கடத்தில் ஒரு பழைய பேப்பர் கடை என்று தூசி தின்று சேர்த்தவர். ‘கரடிக் கணவாய்’ ஒன்றுதான் கைக்குச் சிக்காமல் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. மறுபதிப்பைப் படித்துப் படித்து, கடைசியில் குதிரைக்கு என்ன ஆகிறது என்பது வரை வரிக்கு வரி ஒப்பிப்பார். இருந்தாலும் முதல் பதிப்பு முதல் பதிப்புதானே!

அது உள்ளூர் சங்கரன்கோவிலிலேயே பீர் மைதீன் வீட்டில் கிடக்கிறது என்று கேள்விப்பட்டதும், ஹார்டுவேர் கடையைப் பூட்டிப் போட்டுவிட்டு ஓடி வந்தார். பீர் மைதீன் ஒரு காலத்தில் வீட்டு முன்னறையில் வாடகைக்குப் புத்தகம் விட்டவர்.

அட்டை அப்படியே இருந்தது. உள்ளே ஒரு மடிப்பு இல்லை. கடைசித் தாளைத்தான் காணோம்.

அடுத்த நாவலை எடுத்தார். அதிலும் இல்லை. அலமாரி முழுக்க இதே லட்சணம்.

“நான்தான் கிழிச்சேன் அண்ணாச்சி” என்றார் பீர் மைதீன், கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல்.

அய்யாத்துரை வெடுக்கென்று அவர் பக்கம் திரும்பினார். “நீரெல்லாம் ஒரு மனுசனா? வாடகையும் வாங்கிட்டு முடிவில்லாத கதையைக் குடுத்திருக்கீரே. படிச்சவன் உம்மைச் சும்மாவா விட்டான்?”

“திட்டிக்கிட்டேதான் வருவாங்க. முடிவு தெரியணும்னா உள்ள போயி எம்மவன் காதர்கிட்ட கேளுங்கன்னு அனுப்பிருவேன்.”

அய்யாத்துரை எட்டிப் பார்த்தார். உள்ளறைக் கட்டிலில் ஒருவர் படுத்திருந்தார். தலை நரைக்க ஆரம்பித்திருந்தது.

“சின்னப் பிள்ளையில காய்ச்சல் வந்து ரெண்டு காலும் விளங்காமப் போச்சு. அவனைப் பாக்க ஒரு ஈ காக்கா வராது. நான் தாளைக் கிழிச்ச பொறவுதான் உள்ளறைக்கு ஆள் வந்துது. குதிரை ஓடுத சத்தமெல்லாம் போட்டு முடிவைச் சொல்லுவான். கேக்க வந்தவன் உக்காந்து ஊர்க்கதையும் பேசிட்டு, டீ குடிச்சிட்டுதான் போவான். இப்ப எல்லார் கையிலயும் போன் இருக்கு. யாரு வாரா?”

என்ன பேச்சுப் பேசிவிட்டோம் என்று அய்யாத்துரைக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

பீர் மைதீன் ஒரு தகர டப்பாவைத் திறந்து, பழுப்பேறிய தாள் ஒன்றைத் தேடி எடுத்து நீட்டினார். “ஒண்ணையும் தூரப் போடலை. இந்தாங்க, உங்க புத்தகத்துத் தாள். ஒட்டிக்கிடுங்க.”

அய்யாத்துரை இரண்டு கையாலும் வாங்கினார். எத்தனை வருசக் கனவு! ஒட்டினால் புத்தகம் முழுசாகிவிடும்.

தாளைத் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாக டப்பாவிலேயே திரும்ப வைத்தார்.

“இது இங்கனயே கிடக்கட்டும் பாய்.”

புத்தகத்தோடு உள்ளே போய், கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“காதர், இதுல கடைசித் தாளைக் காணோம்ப்பா. அந்தக் குதிரை பிழைச்சுதா, இல்லையா?”