பவளம் ஒட்டிய கை

மீன்தொட்டியில் ஏதோ கோளாறென்று அண்ணி போன் செய்தாள். அண்ணன் உயிராய் வளர்த்த கடல்மீன் தொட்டி அது. அவர் தவறிய பிறகு தனியாளாய்ப் பார்த்துக்கொள்கிறாள். தண்ணீரின் அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் காலையிலிருந்து பொங்கித் தரையெல்லாம் வழிகிறதாம்.

தம்பி ஓடிவந்து நுரை சேரும் கோப்பையைக் கழுவினான், காற்று வால்வைத் திருகினான், தண்ணீர் மட்டத்தைக் குறைத்தான். எதற்கும் மசியவில்லை.

"சோப்புக் கைய உள்ள விட்டீங்களா அண்ணி?"

"எனக்குத்தான் அதுல கை விடவே பயமாச்சே. வீட்டுக்கு வேற யாரும் வரவும் இல்ல."

டார்ச் அடித்துப் பார்த்தான். மாதக்கணக்கில் சாய்ந்து கிடந்த ஊதாப் பவளம் பாறைமேல் நிமிர்ந்து நின்றது. அடியில், பிசைந்து ஒட்டும் பசை. கை விட்டுத் தொட்டான். இன்னும் இறுகவில்லை.

"அட, இந்தப் பசைதான். புதுசா ஒட்டினா இப்படித்தான் பொங்கும், தானா அடங்கிடும். மீனுக்கு ஒண்ணும் ஆகாது."

"வயித்துல பால வார்த்தீங்க தம்பி." அண்ணி நாற்காலியில் சாய்ந்தாள். "ஞாயித்துக்கிழமை ஒட்டறேன், ஒட்டறேன்னு சொல்லிட்டே இருந்தாரு."

பசையில் பெருவிரல் முழுதாகப் பதிந்திருந்தது. ஆள்காட்டி விரலின் இடத்தில் மொட்டையாக ஒரு குழி. அண்ணனின் அந்த விரலில் பாதியைப் பட்டறை மெஷின் எப்போதோ வாங்கியிருந்தது.

தம்பி டார்ச்சை அணைத்தான். அண்ணி தரையைத் துடைத்துவிட்டு, உலர்ந்த துண்டு ஒன்றைத் தொட்டியோரம் மடித்து வைத்தாள்.

"தொடச்சாச்சே, இது எதுக்கு?"

"ஈரக்கையோடவே வீடெல்லாம் நடப்பாரு."