மோதிரம் யாருக்கு?

"கத்தியை இப்படிக் குடு. இந்த வருஷம் பிராக்கை நான் வெட்டறேன்," என்றான் கான்லத்.

கிரான்யா கொடுக்கவில்லை. "நான் சுட்டது. நான்தான் வெட்டுவேன்."

"அங்கதான் எனக்குச் சந்தேகமே!"

ஹாலோவீனுக்கு டெர்ரி நகரத்துக்குப் போகாவிட்டால் மூன்று நண்பர்களுக்கும் தூக்கம் வராது. ஊரே பேய் வேஷம் கட்டி ஆடும். தங்க அறை கிடைக்காது. ராத்திரியே காரில் சொந்த ஊர்ப்பக்கமான டொனிகாலுக்குத் திரும்ப வேண்டும். அதனால் ஒரு ஆள் சொட்டுக்கூடக் குடிக்காமல் இருந்து வண்டி ஓட்டியாக வேண்டும்.

யார் என்பதை பிராக் சொல்லும். பிராக் என்பது உலர் திராட்சை போட்ட ரொட்டி; அதற்குள் ஒரு மோதிரத்தை வைத்துச் சுடுவார்கள். கிடைத்தவருக்குச் சீக்கிரம் கல்யாணம் என்பது ஊர் நம்பிக்கை. இவர்களுக்கு, கிடைத்தவர் டிரைவர்.

போன வருஷம் ஃபெர்கலுக்குக் கிடைத்தது. அதற்கு முந்தின வருஷமும் ஃபெர்கலுக்கே!

அந்த அப்பாவி அடுக்களையில் டீ போட்டுக்கொண்டிருந்தான். கான்லத் குரலைத் தாழ்த்தினான்.

"மோதிரம் எந்தப் பக்கம்னு உனக்குத் தெரியும். அவன் தலையில கட்டிட்டு நீ ஜாலியா குடிக்கறே. வாயில்லாப் பூச்சியை இப்படியா ஏமாத்துவே?"

"கான்லத், வேண்டாம். சொன்னாக் கேளு."

கேட்கவில்லை. கத்தியைப் பிடுங்கினான். ரொட்டியைத் திருப்பிப் போட்டு மூன்றாக வெட்டி, வெண்ணெய் தடவித் தட்டுகளில் வைத்தான். அவன் துண்டிலேயே மோதிரம் எட்டிப் பார்த்தது.

"பார்த்தியா? நியாயமா வெட்டினா இப்படித்தான். நானே ஓட்டறேன். இந்த வருஷமாவது அவன் ஆசை தீரக் குடிக்கட்டும்."

கிரான்யா அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தாள்.

"அவன் குடியை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சுடா, மடையா."

"யாரு, ஃபெர்கலா? எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

"எங்கிட்டயும்தான் சொல்லல. எங்க அண்ணன் கல்யாணத்துல, நீ ஊத்திக் குடுத்ததைப் பூந்தொட்டியில கொட்டினான். நான் பார்த்துட்டேன். டெர்ரியில போறவன் வர்றவன் எல்லாம் கையில கிளாஸைத் திணிப்பான். 'விட்டுட்டேன்'னு சொன்னா விடுவாங்களா? நீ விடுவியா? 'நான்தான் டிரைவர்'னு சொன்னா மட்டும்தான் ஒருத்தனும் வற்புறுத்த மாட்டான்."

கான்லத்தின் கை சட்டென்று தன் தட்டுக்குப் போனது. ஊற்றிக் கொடுத்தவன் அவன்தானே!

டீக் கோப்பைகளோடு ஃபெர்கல் உள்ளே வந்தான். தட்டுகளைப் பார்த்ததும் அவன் சிரிப்பில் ஒரு பயம்.

"வெட்டியாச்சா? யாருக்கு?"

"தெரியலடா. எங்க ரெண்டு பேர் துண்டுலயும் இல்ல," என்றான் கான்லத்.

ஃபெர்கல் தன் துண்டைப் பிய்த்தான். மோதிரம் டணங்கென்று தட்டில் விழுந்தது.

"அடச்சே, மறுபடியும் நானா!" என்றான். மூச்சு மட்டும் நிம்மதியாக வந்தது.

"நீயேதான்! வாயை மூடிட்டு வண்டியை ஓட்டு!" என்று முதல் ஆளாகக் கத்தினான் கான்லத், வெண்ணெய் ஒட்டிய விரல்களை மேஜைக்கடியில் துடைத்துக்கொண்டே.