நாயாற்றுக்குப் போகும் ரயர்

பரந்தன் சந்தியில், கனகலிங்கத்தின் கடை வாசலில் மூன்று சோடி ரயர்கள் சுவரோடு சாத்தி நின்றன. கதிர்காமநாதன் பெண் பார்க்க வந்தவர்போல அவற்றின் முன் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்.

அவருடையது சந்தைக்குப் போய் வருகிற சாதாரண மோட்டார் சைக்கிள் அல்ல. குளம் திருத்த வந்த வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர், எண்பத்துமூன்றுக் கலவரத்தோடு தன் நாட்டைப் பார்க்கப் போனபோது விட்டுவிட்டுப் போனது. காடு, சேறு, மணல், ஆறு எல்லாம் ஓடுமாம்.

உயரம் மட்டும் வெள்ளைக்காரனின் கால் அளவுக்குச் செய்தது. கதிர்காமநாதன் ஏறுவதற்கு ஒரு மதகோ கல்லோ வேண்டும்.

ஏறிவிட்டால் அவர் வேறு ஆள். மற்ற நேரம் மூன்று ஏக்கர் வயல்காரர்; ஏறினால் ஊரின் ஒரே சுற்றுலாப் பயணி.

"நாயாற்றுப் பக்கம் ஒருக்கா ஓடிப்போட்டு வாறன்" என்று மனைவி நாகேஸ்வரியிடம் சொல்லிவிட்டு அடிக்கடி புறப்படுவார். எதற்கு என்று கேட்டால், கடல் பார்க்க.

பெற்றோலுக்கு வரிசையும் வீதிக்கு வீதி சோதனையுமாக நாடு இருக்கிற இருப்பில், கடல் பார்க்கப் போகிற மனிதரை ஊர் மரியாதையோடுதான் பார்த்தது. விசர் என்று ஒருவரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை.

பழைய ரயர் இரண்டும் இன்னும் ஒரு மாரி தாங்கும். அவர்தான் மாற்றியே ஆகவேண்டும் என்று வந்து நின்றார்.

கனகலிங்கம் ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினான். முதலாவது தார் ரோட்டுக்கு; வழுவழுப்பு, மெல்லிய வரி. இரண்டாவது அங்கேயும் ஓடும், இங்கேயும் ஓடும். எங்கேயும் ஒழுங்காக ஓடாது. மூன்றாவது பல்லுப் பல்லாகக் கட்டை வைத்தது.

"அண்ணை, உங்கட சைக்கிளுக்கு இதுதான். சேத்துக்குள்ளை யானை மாதிரி நிக்கும்."

கதிர்காமநாதன் எழுந்து போய் முதலாவதைத் தொட்டார்.

கனகலிங்கத்துக்கு அது பெரிய மனவருத்தம். கண்டி வீதியை விட்டால் வன்னியில் தார் எங்கே இருக்கிறது, கண்டி வீதியிலும்தான் எங்கே இருக்கிறது என்று கேட்டான்.

எல்லாரும் போடுவது இதுதானே என்றார் கதிர்காமநாதன்.

அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. அவருடைய பழைய ரயரும் பல்லு வைத்ததுதான். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒன்று வேறு எவரிடமும் கிடையாது. ஈர மண்ணில் அச்சுவெல்லம் ஊற்றி எடுத்ததுபோலத் தடம் விழும். குருடனும் தடவிப் பார்த்துக் கதிர்காமநாதன் போன வழி சொல்லுவான்.

போன கிழமை உழவு மெசின் ஓட்டுகிற ஏரம்பு அவரை மறித்து, நாயாற்றுக்கு ஏன் ஜெயபுரத்தால் போகிறீர்கள் என்று கேட்டான். நாயாறு கிழக்கே. ஜெயபுரம் மேற்கே. சுற்றுலா என்றால் சுற்றித்தான் போகவேண்டும் என்று சொல்லி அவர் தப்பி வந்தார்.

ஜெயபுரத்தில் அவருக்கு ஒரு வீடு இருந்தது.

படலையடியில் சைக்கிள் நின்றதும் ஓர் இளம்பெண் வந்து கையிலிருக்கும் பையை வாங்குவாள். தேத்தண்ணி தருவாள். அவர் குடித்து முடிக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். பொழுதுபடுமுன் அவர் திரும்பிவிடுவார்.

இதையெல்லாம் ரயர்க்கடையில் சொல்ல முடியுமா? முதலாவது சோடியைப் பூட்டச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து, எதிரே புடைவைக்கடையில் அவர் விட்டுவிட்டு வந்த நாகேஸ்வரி, கையில் ஒரு பார்சலோடு வீதியைக் கடந்து வந்து நின்றாள். மூன்று சோடியையும் ஒருதரம் பார்த்தாள்.

"பல்லு வைச்சதை எடுங்கோ" என்றாள்.

கதிர்காமநாதனுக்கு அன்றைக்கு வாய்த்த பேச்சு பிறகு ஒருநாளும் வாய்க்கவில்லை. பல்லு ரயர் தார் ரோட்டில் ஊளையிடும் என்றார். பெற்றோல் குடிக்கும் என்றார். வளைவில் கவிழ்க்கும், கையும் இடுப்பும் உளையும், அந்த எஞ்சினியரே ஒருமுறை அழுதவர் என்றார்.

நாகேஸ்வரி முழுவதையும் கேட்டாள். ஒன்றரை வருடமாக நாயாற்றுக்குப் போய் வந்தும் ஒரு மீன் துண்டு கொண்டு வராத புருசனை வைத்துக் குடும்பம் நடத்துகிறவளுக்கு இந்தப் பொறுமை பெரிய காரியமில்லை.

பிறகு கனகலிங்கத்தின் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, பின்னாலை ஒரு பிள்ளைத்தாச்சியை இருத்திக்கொண்டு வந்தால், மாரிச் சேத்துக்குள்ளை இது சறுக்குமோ?"

கதிர்காமநாதன் தன் சைக்கிளின் பழைய ரயரைத் திரும்பிப் பார்த்தார்.

ஏரம்பு தடத்தைப் பற்றித் தன்னிடம் மட்டும் கதைத்திருப்பான் என்று நம்பியது அவருடைய பிழை. தடம் போய் நின்ற படலையையும், அங்கே பை வாங்குகிறவளின் வயிற்றையும் அவன் நாகேஸ்வரியிடமும் சொல்லியிருந்தான்.

எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டில் அடிபட்டு வந்து, ஜெயபுரத்தில் காடு வெட்டிக் குடியேறிய ஆண்டியப்பனின் மகன் செல்வராசா. அவனோடு தங்கள் ஒரே மகள் அமராவதி போன அன்று, இந்த வீட்டு ஆட்கள் ஒருவரும் அந்தப் படலையை மிதிக்கக்கூடாது என்று கத்தியதும் இதே நாகேஸ்வரிதான். அதற்குப் பிறகு அந்தப் பெயர் வீட்டில் எழவில்லை.

"சறுக்காது அக்கா" என்றான் கனகலிங்கம்.

அவள் தலையாட்டினாள். பார்சலை மடியில் வைத்துக்கொண்டு, கணவர் விட்ட கதிரையில் இருந்தாள். கடதாசி கிழிந்த மூலையில் மெல்லிய வெள்ளைத் துணி தெரிந்தது. கைக்குட்டைக்குப் பெரிது, சேலைக்குச் சிறிது.

அவள் அவரைப் பார்க்கவில்லை.

"இப்பவே பூட்டுங்கோ தம்பி. நாங்கள் இங்கையிருந்து வீட்டுக்குப் போகேல்லை."